ஓர் அட்டைக்குள் கூடிய நாயகர்கள்

தனித்தனிக் கதைகளில் உலாவிய அதிமானுட நாயகர்களை ஒரே கதைக்குள் கூட்டிவந்து நிறுத்துவது அமெரிக்கச் சித்திரக்கதைப் பதிப்பாளர்களின் பழைய வியாபார உத்தி. 1940ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வெளிவந்த 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' மூன்றாம் இதழ் இதற்கு வழிதிறந்தது. 1955இல் தொடங்கிய 'தி பிரேவ் அன்ட் தி போல்ட்' என்ற தொடர், பின்னாளில் இதழுக்கு ஒரு கூட்டாளியை பேட்மேனுடன் சேர்த்துவைத்து, 1983இல் 200ஆவது இதழுடன் நிறைவுற்றது. 1972 மார்ச்சில் 'மார்வெல் டீம் அப்' பிறந்தது. பெரும்பாலும் ஸ்பைடர்மேனையே நடுநாயகமாக வைத்து 150 இதழ்கள் வந்தபின் 1985 பெப்ரவரியில் அது நின்றது. நன்கு விற்பனையாகும் நாயகனின் தோளில் விற்பனை மந்தமான ஒருவரை ஏற்றி வாசகர்களுக்கு அறிமுகம் செய்வதே இத்தொடர்களின் சூத்திரம். இன்று கொள்ளுப்பிட்டித் திரையரங்குகளில் எமது பிள்ளைகள் கண்டு களிக்கும் அவெஞ்சர்ஸ் வகைத் திரைப்படங்கள் யாவும் இந்தச் சூத்திரத்தின் வாரிசுகளே.

தமிழில் இவ்வாறான கூட்டு நிகழவில்லையா என்று கேட்டால், நிகழ்ந்தது என்றே நாம் கூறுவோம். ஆனால் அது கதாசிரியர் எவரும் திட்டமிட்டு நிகழ்த்தியதன்று. சிவகாசியின் ஓர் அச்சகக் குடும்பம், கடல்கடந்த நாடுகளில் ஒருவரையொருவர் அறியாதிருந்த நாயகர்களை உரிமம் பெற்று வாங்கி, தமிழ் பேசவைத்து, ஒரே பதிப்பகத்தின் கூரையின் கீழ் குடியமர்த்தியது. முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் ஆகிய இரு வெளியீடுகளின் வரலாறு அதுவேயாகும். இலங்கைத் தமிழ் வாசகர்களில் ஒரு தலைமுறையினரின் வாசிப்பு வரலாறும் அதனுள் அடங்கியிருக்கின்றது. அந்த இரண்டாவது வரலாற்றை எவரும் எழுதிவைக்கவில்லை என்பதே எமது கவலை.

மார்வெல் டீம் அப் பிறந்த அதே 1972இல் முத்து காமிக்ஸும் பிறந்தது தற்செயல்தான். சௌந்திரபாண்டியன் வெளியீட்டாளராகவும், முல்லை தங்கராசன் ஆரம்பகால ஆசிரியராகவும் இருந்து கொண்டுவந்த முதல் நூல் 'இரும்புக்கை மாயாவி'. தமிழ் வாசகர்கள் அதற்கு முன்னரும் படக்கதைகளை அறியாதவர்கள் அல்லர். தினத்தந்தியின் கன்னித்தீவு 1960 முதல் வந்துகொண்டிருந்தது. வாண்டுமாமாவின் பெயரை அறியாத சிறுவர் இல்லை. 1964இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸும் தமிழில் கிடைத்தது. ஆயினும் ஒரு முழுநீளச் சாகசக் கதையைக் கையடக்க நூலாக, இதழ்தோறும் தொடர்ந்து தரும் வழக்கத்தை நிலைநிறுத்திய பெருமை முத்துவுக்கே உரியது.

அந்த மாயாவி யார் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும். பிரிட்டனில் 1962 ஒக்டோபரில் தொடங்கிய 'வேலியன்ட்' என்ற சிறுவர் வாரத்தாளின் முதல் இதழிலேயே அறிமுகமானவர் அவர். இயற்பெயர் லூயிஸ் கிராண்டல். ஆய்வுகூட விபத்தொன்றில் வலக்கையை இழந்து, உருக்குக் கையைப் பொருத்திக்கொண்ட அவர்மீது மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும். உருக்குக் கை மாத்திரம் அந்தரத்தில் தெரியும். கென் புல்மரும் டொம் டல்லியும் கதை எழுத, பார்சிலோனாவைச் சேர்ந்த ஜேசுஸ் பிளாஸ்கோ சித்திரம் வரைந்தார். ஆரம்பத்தில் குற்றவாளியாக இருந்த கிராண்டல் பின்னர் இரகசிய உளவுப் படையொன்றின் வீரராக மாறினார். தமிழ் வாசகர்களின் மனதில் நிலைத்தது இந்த இரண்டாவது கிராண்டல்தான்.

மாயாவியுடன் லாரன்ஸ்–டேவிட் என்ற இரட்டையரும் ஜானி நீரோவும் சேர்ந்தபோது, வாசகர்கள் அவர்களை மும்மூர்த்திகள் என்றே அழைக்கலாயினர். பிரிட்டனில் இவர்களுக்கிடையே அத்தகைய உறவு எதுவும் இருந்ததில்லை. மாயாவி வாரத்தாளில் வளர்ந்தவர். லாரன்ஸ்–டேவிட்டும் ஜானி நீரோவும் 1967, 1968ஆம் ஆண்டுகளில் பிளீட்வே நிறுவனம் வெளியிட்ட கையடக்க நூல்வரிசையின் உளவாளிப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அந்த வரிசை அங்கு ஈராண்டுகளைத் தாண்டவில்லை. இங்கோ, அரைநூற்றாண்டு கடந்தும் அப்பெயர்கள் பேசப்படுகின்றன. அமெரிக்கப் பத்திரிகைத் தொடர்களிலிருந்து வந்த வேதாளரும் மந்திரவாதி மாண்ட்ரேக்கும் துப்பறியும் ரிப் கிர்பியும் அதே வீட்டில் இடம்பிடித்தனர். வேதாளரையும் மாண்ட்ரேக்கையும் படைத்தவர் லீ பாக் என்ற ஒரே எழுத்தாளர். 1986இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக் கேலிச்சித்திரத் தொடரொன்று இவ்விருவரையும் ஓரணியில் சேர்த்தபோது, தமிழ் வாசகருக்கு அதில் புதுமை இருந்திருக்காது.

1984 ஜூலை மாதம் தமிழ்ச் சித்திரக்கதை வரலாற்றில் விசேடமானது. சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன், தமது பதின்ம வயதிலேயே ஆசிரியப் பொறுப்பேற்று, 'கத்தி முனையில் மாடஸ்டி' என்ற நூலுடன் லயன் காமிக்ஸை ஆரம்பித்தார். அதே மாதத்தில் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ், ஜேம்ஸ்பாண்டின் 'அழகியைத் தேடி'யுடன் களமிறங்கியது. ராணி பின்னர் வேதாளரை மாயாவி என்ற பெயரில் வெளியிட்டமையால், மாயாவி என்றால் எந்த மாயாவி என்று கேட்டுத் தெளியவேண்டிய நிலை சிறுவர்களிடையே உருவானது. இன்றும் ஐம்பது வயதைக் கடந்த இருவர் இதுபற்றி உரையாடத் தொடங்கினால் முதற்பத்து நிமிடங்கள் இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதிலேயே கழியும்.

லயன் கொண்டுவந்த இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் ஸ்பைடர். அமெரிக்க ஸ்பைடர்மேனுக்கும் இவருக்கும் எவ்வித உறவும் கிடையாது. நீண்டு கூர்ந்த காதுகளுடன், நியூயோர்க் நகரத்துக் குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக முடிசூட விரும்பிய வில்லனாக 1965இல் பிரிட்டனின் 'லயன்' வாரத்தாளில் தோன்றியவர். அவரை உருவாக்கிய டெட் கோவனே இயந்திர மனிதன் ஆர்ச்சியையும் 1952இல், அதே வாரத்தாளின் முதல் இதழில், படைத்தவர். ஸ்பைடரின் கதைகளைப் பின்னர் எழுதியவர் வேறெவருமல்லர். 1938இல் சூப்பர்மேனை உலகுக்குத் தந்த இருவரில் ஒருவரான ஜெரி சீகல். ஆனால் பிரிட்டிஷ் வாரத்தாள்கள் படைப்பாளிகளின் பெயர்களை அச்சிடும் வழக்கமில்லாதவை. சீகலின் பெயரையோ பிளாஸ்கோவின் பெயரையோ அறியாமலேயே அவர்களது கைத்திறனில் நாம் வளர்ந்தோம். தமிழாக்கியவர்களில் பலரது பெயர்களும் அவ்வாறே மறைந்துபோயின.

பிரிட்டனில் ஒரு வழக்கம் இருந்தது. விற்பனை குறைந்த வாரத்தாளை மூடுவதற்குப் பதிலாக இன்னொன்றுடன் இணைத்துவிடுவார்கள். 1974 மே மாதத்தில் 'லயன்' இவ்வாறு 'வேலியன்ட்'டினுள் கரைந்தது. 1976இல் வேலியன்ட்டும் மற்றொரு தாளினுள் கரைந்தது. இரும்புக்கை மாயாவியும் ஸ்பைடரும் ஆர்ச்சியும் பிறந்த வீடுகள் அத்துடன் இல்லாமற்போயின. தாய்நாட்டின் லயன் மறைந்து பத்தாண்டுகள் சென்றபின், சிவகாசியில் மற்றொரு லயன் தோன்றி அதே ஸ்பைடருக்கும் அதே ஆர்ச்சிக்கும் புகலிடம் அளித்தது. வாரத்துக்கு இரண்டு, மூன்று பக்கங்களாகத் துண்டுதுண்டாய் வந்த தொடரை ஒட்டி முழுநீளக் கதையாக்கித் தந்ததால், அங்குள்ள சிறுவன் மாதக்கணக்கில் காத்திருந்து அறிந்த முடிவை இங்குள்ள சிறுவன் ஒரே மூச்சில் அறிந்தான். கோடை மலர், தீபாவளி மலர் என்ற பெயர்களில் வந்த தடித்த சிறப்பிதழ்கள் பல நாயகர்களை ஒரே அட்டைக்குள் கொண்டுவந்தன. கதைக்குள் மாயாவியும் ஸ்பைடரும் சந்தித்ததில்லை. எனினும் அந்த மலரைக் கையில் வைத்திருந்த வாசகனின் மனதில் அவர்கள் ஓரணியினரே.

அவர்களைக் கதைக்குள்ளேயே சந்திக்கவைக்க ஆங்கிலத்துக்கு 2005 வரை சென்றது. அவ்வாண்டு தொடங்கி ஆறு இதழ்களாக வெளிவந்த 'அல்பியன்' என்ற குறுந்தொடர், அலன் மூரின் கதைத்திட்டத்தில் இந்தப் பழைய பிரிட்டிஷ் நாயகர்களை ஒன்றுதிரட்டியது. பிளீட்வேயின் பழைய களஞ்சியம் கைமாறிக் கைமாறி, 2016இலும் 2018இலும் இரு கட்டங்களாக ரெபெலியன் நிறுவனத்தை அடைந்தது. 2021இல் அந்நிறுவனம் உருக்குக் கையனையும் ஸ்பைடரையும் புதிய நூல்களாக மறுபதிப்புச் செய்தது. தாய்மொழியில் நெடுங்காலம் பதிப்பின்றிக் கிடந்த நாயகர்கள், தமிழில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பது மொழிபெயர்ப்பு வரலாற்றில் அரிதான சம்பவம். எமது பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இதனை ஆய்வுக்குரிய பொருளாகக் கருதினால் நன்று.

இனி எமது நாட்டின் நிலைமைக்கு வருவோம். 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் காலத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. ஈழத்து எழுத்துக்கு அது ஊக்கமளித்தது. வீரகேசரி பிரசுரங்களின் எழுச்சி அக்காலத்துக்குரியது. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் முத்து காமிக்ஸின் முதல் ஐந்தாண்டுகளும் அதே காலத்தில்தான் கழிந்தன. பெரியவர்களுக்கான நாவலில் ஏற்பட்ட வெற்றிடத்தை உள்ளூர்ப் பதிப்பாளர்கள் நிரப்பினர். சிறுவர்களுக்கான சித்திரக்கதையில் அவ்வாறு நிகழவில்லை. இதே 1970களில் சிங்களத்தில் படக்கதைகளுக்கென்றே வாரத்தாள்கள் வெளிவந்து பெருவரவேற்பைப் பெற்றன. கமிலஸ் பெரேரா படைத்த கஜமான் பாத்திரம் அரைநூற்றாண்டு கடந்து 2023இல் திரைப்படமாகவும் வந்தது. அதற்கு ஈடாகக் கூறத்தக்க நீடித்த தமிழ்ப் பாத்திரம் எம்மிடம் இல்லை. இதற்குத் திறமைக் குறைவு காரணமன்று. முதலீடு செய்யத் துணிந்த பதிப்பாளர் இல்லாமையே காரணம் என்பது எமது கருத்து.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் இந்திய வெளியீடுகள் மீண்டும் தாராளமாக வந்தன. செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாங்கிய பிரதிகளை ஒருவருக்கொருவர் கைமாற்றிப் படித்த தலைமுறை எமது தலைமுறை. அந்தச் சேகரிப்புகளுக்கு நேர்ந்த கதி வேதனைக்குரியது. 1983 ஜூலையில் கொழும்பில் எரிந்த வீடுகளில் பிள்ளைகளின் புத்தக அலுமாரிகளும் இருந்தன. அவற்றின் இழப்பை எந்த விசாரணைக் குழுவும் கணக்கிடவில்லை. கணக்கிட வேண்டும் என்று அன்றைய துயரத்தில் எவருக்கும் தோன்றியிருக்கவும் முடியாது. பொருளாதாரத் தடை நிலவிய 1990களின் வடக்கில் சவர்க்காரமும் மண்ணெண்ணெயுமே அரும்பொருள்களாயிருக்க, மாதாந்தச் சித்திரக்கதையை எவர் எதிர்பார்த்திருப்பார்?

நூலகங்களும் இவற்றைச் சேர்த்துவைக்கவில்லை. இந்நாட்டில் அச்சிடப்படும் நூலின் பிரதிகளை அரசுக்கு ஒப்படைக்கும் சட்டம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. சிவகாசியில் அச்சாகிக் கடல் கடந்து வந்த நூலை அச்சட்டம் தொடுவதில்லை. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் இணைய நூலகம் ஈழத்து எழுத்தை ஆவணப்படுத்துவதில் அரும்பணி ஆற்றிவருகின்றது. அதன் இலக்கு ஈழத்து வெளியீடுகள். சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழ் அச்சுப் பண்பாட்டைப் பாதுகாக்கின்றது. இலங்கை வாசகன் எதனை, எப்போது, எவ்வழியால் வாசித்தான் என்பதை அறிவது அதன் வேலையன்று. ஆக, இங்கு வாசிக்கப்பட்டும் இங்கு அச்சிடப்படாத இந்நூல்கள் இரு தரப்புக்கும் நடுவே விழுந்துவிட்டன.

ராணி காமிக்ஸ் 2005இல் நின்றுபோனது. தொலைக்காட்சியின் வருகையால் தளர்ந்திருந்த லயனும் முத்துவும் 2012 ஜனவரியில் வெளிவந்த சிறப்பிதழுடன் புத்துயிர் பெற்றன. பழைய கையடக்க வடிவம் மாறிப் பெரிய அளவு, உயர்தரத் தாள், வண்ண அச்சு, சந்தா மூலமும் புத்தகக் கண்காட்சி மூலமும் நேரடி விற்பனை என்பன வந்தன. 'இரத்தப் படலம்' என்ற பெல்ஜியத் தொடரின் 18 பாகங்கள் 2010இல் ஒரே நூலாக வந்திருந்தன. 2018இல் வண்ணத்திலும் வந்தன. இத்தாலியின் டெக்ஸ் வில்லர் இன்று அங்கு முதன்மை நாயகர். விலை உயர்ந்துவிட்டது, வாசகரும் பெரும்பாலும் நடுத்தர வயதினரே. பத்து வயதுச் சிறுவன் தன் கைக்காசில் வாங்கும் பொருளாக அது இனி இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே முதலில் தேவைப்படுவது ஒரு பட்டியல். பெருஞ்செலவில் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளிலும், வீடுகளின் பெட்டிகளிலும், புலம்பெயர்ந்தோர் கையோடு கொண்டுசென்ற பொதிகளிலும் எஞ்சியிருப்பவை எவை என்பது முதலில் தெரியவேண்டும். பழைய கதைகளை 'காமிக்ஸ் கிளாசிக்ஸ்' என்ற தனி வரிசையிலும் மறுபதிப்புச் செய்துள்ளமையால், ஒரே தலைப்பு இரு வெவ்வேறு இலக்கங்களுடன் காணப்படலாம். எனவே தலைப்பை மாத்திரம் குறிப்பது போதாது. வெளியீட்டின் பெயர், இதழ் இலக்கம், அச்சிட்ட விலை ஆகியவற்றுடன், உள்அட்டையில் கடை முத்திரையோ இலங்கை ரூபாவில் மையால் திருத்திய விலையோ இருக்குமாயின் அதனையும் குறித்துக்கொள்ள வேண்டும். எந்தக் கடை, எந்த ஆண்டில், எவ்வளவுக்கு விற்றது என்பதற்கு அந்த மைக்கறையைத் தவிர வேறு சான்று எம்மிடம் இல்லை.