பேசாத பிள்ளையின் காது பதில் சொல்லுமா?

பன்வில பக்கம் ஒரு தோட்ட லயம். ஆறு மாதப் பிள்ளையின் முதுகுப் பக்கம் நின்று அம்மாயி தகரப் பேணியைத் தட்டுகிறார். பிள்ளை திரும்புகிறது. "காது நல்லா கேக்குது!"

கேட்டுத்தான் திரும்பியதா? நிழலைக் கண்டிருக்கலாம், பலகை அதிர்ந்திருக்கலாம். காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் மற்றப் பிள்ளைகளைப் போலவே "ஆ... ஊ..." என்று குரல் எழுப்பும். ஏமாறுவது அம்மாயி மட்டுமல்ல.

பிறகு எப்படித்தான் கண்டுபிடிப்பது? காதையே கேட்கலாம். உட்காதில் நத்தைக்கூடு போன்ற சுருளுக்குள் சுமார் 12,000 வெளி மயிர்க்கலங்கள் உள்ளன. ஒலி வந்தால் அவை நீண்டு சுருங்கி அதைப் பெருக்கும். அந்த ஆட்டத்தில் ஒரு மெல்லொலி காதிலிருந்து வெளியே திரும்பி வரும். காது கேட்கும், சரி. காது ஒலிக்கவும் செய்யும்! 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் இதைப் பதிவுசெய்து காட்டினார்.

தூங்கும் சிசுவின் காதில் சிறு முனையொன்றை வைத்தால் போதும். அதிலுள்ள ஒலிவாங்கி அந்த எதிரொலியைப் பிடித்துவிடும். வராவிட்டால் உடனே பயப்பட வேண்டியதில்லை. பிறந்த ஓரிரு நாள் காதுக்குழாயில் ஈரம் அடைத்திருக்கலாம், மறுபடி பார்ப்பார்கள். எதிரொலி வந்தும் நரம்பில் கோளாறு இருப்பது உண்டு, அரிதாக. அதற்குத் தலையில் மின்முனை ஒட்டி மூளைத்தண்டின் துடிப்பை அளக்கும் சோதனை இருக்கிறது.

ஏன் இத்தனை அவசரம்? பேச்சைக் கேட்டுத்தான் மூளையின் கேட்கும் பகுதி வளர்கிறது. ஒரு மாதத்தில் சோதனை, மூன்றில் உறுதி, ஆறில் காதுக்கருவி போன்ற உதவி என்பது உலகெங்கும் சொல்லும் கணக்கு.