டிரிகரின் வேலை என்ன?

டிரிகரை இழுத்தால் குண்டு பாயும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஓர் இழுப்பில் விரல் செய்யும் வேலை பிஸ்டலுக்குப் பிஸ்டல் மாறுபடும்.

தோட்டாவின் அடிப்பகுதியை ஓர் ஊசி வேகமாகக் குத்தினால்தான் உள்ளிருக்கும் மருந்து பற்றும். அந்த வேகத்தைத் தருவது ஒரு ஸ்பிரிங். அதை முன்கூட்டியே இறுக்கி வைப்பது யார் என்பதில்தான் டிரிகர் வகைகள் பிரிகின்றன.

அரைத் தானியங்கி பிஸ்டலில் ஓர் இழுப்புக்கு ஒரு குண்டுதான். சுட்டதும் மேலுள்ள ஸ்லைடு பின்னால் ஓடிக் காலிக் கூட்டை வெளியே எறியும். முன்னால் திரும்பும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும்.

ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1911இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் எம்1911 ‘சிங்கிள் ஆக்‌ஷன்’ வகை. பின்னால் ஓடும் ஸ்லைடே, ஸ்பிரிங் விசையால் ஊசியை அடிக்கும் சுத்தியலையும் மடக்கி வைத்துவிடும். டிரிகருக்கு அதை விடுவிப்பது மட்டுமே வேலை. வைத்த எலிப்பொறியைத் தொடுவது போலத்தான். இழுப்பு குறுகியது, இலேசானது. குறி பிசகுவது குறைவு. ஆனால் சுத்தியல் மடங்கிய நிலையில் இடுப்பில் வைத்திருக்க, கையால் போடும் பூட்டு தேவை. இந்தியாவில் இஷாப்பூர் ஆலை தயாரித்த 9 மி.மீ. ராணுவப் பிஸ்டலும் பிரவுனிங் ஹை-பவர் பிஸ்டலை ஒட்டிய இதே வகைதான்.

1929இல் ஜெர்மனியின் வால்தர் பிபி வேறு வழி காட்டியது. இந்த ‘டபுள் ஆக்‌ஷன்’ முறையில், இறங்கியிருக்கும் சுத்தியலை மடக்குவதும் விடுவிப்பதும் டிரிகரே. அதனால் முதல் இழுப்பு நீளமானது, கனமானது. அந்தக் கனமே தற்செயலாகச் சுடுவதற்கு ஒரு தடை. முதல் குண்டுக்குப் பிறகு ஸ்லைடு சுத்தியலை மடக்கிவிடுவதால் அடுத்த இழுப்புகள் இலேசாகிவிடும். 1985இல் அமெரிக்க ராணுவம் தேர்ந்த பெரெட்டாவும் இப்படித்தான். முதல் குண்டுக்கும் இரண்டாவதற்கும் விரல் வெவ்வேறு அழுத்தம் தர வேண்டும் என்பதே இதன் சிக்கல். பழகாத கைக்கு முதல் குண்டு குறி தவறும்.

ஒவ்வொரு இழுப்பும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்றால்? 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற குளோக் 17இல் சுத்தியலே இல்லை. ஸ்பிரிங் பூட்டிய ‘ஸ்ட்ரைக்கர்’ என்னும் ஊசியை ஸ்லைடு ஓரளவுக்கு இறுக்கி வைக்கும். மீதியை டிரிகர் முடித்து, விடுவிக்கும். முதல் குண்டோ கடைசிக் குண்டோ, இழுப்பு ஏறத்தாழ இரண்டரை கிலோதான். கையால் போடும் பூட்டு கிடையாது. டிரிகரின் முகப்பிலுள்ள சிறு நெம்புகோலை விரல் அழுத்தாதவரை டிரிகர் நகராது. உள்ளே இன்னும் இரண்டு தடைகள் உண்டு. 2017இல் பெரெட்டாவுக்குப் பதிலாக அமெரிக்க ராணுவம் தேர்ந்த சிக் சாவர் பிஸ்டலும் ஸ்ட்ரைக்கர் வகையே.

இழுப்பின் கனத்தைக் குறைத்தால், அது தந்த பாதுகாப்பை வேறொரு பூட்டு ஈடுசெய்தாக வேண்டும். விரலே டிரிகரை அழுத்திவிட்டால் குளோக்கின் மூன்று தடைகளும் விலகிவிடும். எந்த வகைப் பிஸ்டலானாலும், சுடும் முடிவு எடுக்கும்வரை விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்று பயிற்சியில் வலியுறுத்துவது இதனால்தான்.