இருட்டில் உருவம் தெரியும்... ஆனால் அது பன்றிதானா? ரைஃபிள் ஸ்கோப்பில் மாட்டும் ‘கிளிப்-ஆன்’ நைட் விஷன் எப்படி வேலை செய்கிறது?

ஜெர்மனியில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவர்கள் பல தலைமுறைகளாக நிலாவைப் பார்த்துத்தான் நாள் குறித்தார்கள். பௌர்ணமியை ஒட்டிய சில இரவுகள். பனி விழுந்து தரை வெளுத்திருந்தால் இன்னும் நல்லது. வயலோரத்தில் மரத்தால் கட்டிய உயரமான பரண், மடியில் ரைஃபிள், அதன் மேல் ‘8x56’ ஸ்கோப்.

அந்த எண்களுக்குப் பின்னால் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. முன் லென்ஸின் விட்டம் 56 மி.மீ., உருப்பெருக்கம் 8 மடங்கு. வகுத்தால் 7 வரும். ஸ்கோப்பிலிருந்து வெளியே வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. இருட்டில் இளம் வயதினரின் கண்மணி விரியும் அளவும் கிட்டத்தட்ட அதே 7 மி.மீ.தான். லென்ஸ் சேகரித்த வெளிச்சம் சிந்தாமல் கண்ணுக்குள் போகும். வெறும் கண்ணாடியால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். மேகம் மூடிவிட்டால் பரணிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

2020 பிப்ரவரியில் நிலைமை மாறியது. ஜெர்மனியின் ஆயுதச் சட்டத்தில் செய்த திருத்தம், உரிமம் வைத்திருக்கும் வேட்டைக்காரர்கள் ஸ்கோப்புடன் இணைக்கும் நைட் விஷன் கருவிகளைப் பயன்படுத்த வழிவிட்டது. அதுவரை கையில் பிடித்துப் பார்க்கலாம், துப்பாக்கியில் மாட்டக் கூடாது.

ஒரு வைரஸ் கொடுத்த அவசரம்

இந்தத் திருத்தத்துக்குப் பின்னால் இருந்த பெரிய அழுத்தம், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். மனிதர்களுக்கு இது தொற்றாது. பன்றிகளுக்கு வந்தால் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. 2014-ல் லிதுவேனியா, போலந்து வழியாக ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வந்த இந்த நோய், 2017-ல் செக் குடியரசிலும் 2018-ல் பெல்ஜியத்திலும் தலைகாட்டியது. செக் அரசு ஸ்லின் பகுதியில் காட்டுப்பன்றிகளைச் சுட, போலீஸ் துப்பாக்கி வீரர்களையே இரவில் இறக்கியது.

ஜெர்மனியின் முதல் பாதிப்பு 2020 செப்டம்பர் 10 அன்று உறுதியானது. போலந்து எல்லையை ஒட்டிய பிராண்டன்பர்க் மாநிலத்தில் செத்துக் கிடந்த ஒரே ஒரு காட்டுப்பன்றி. இரண்டே நாளில் ஜெர்மன் பன்றி இறைச்சிக்குச் சீனா தடை போட்டது. பண்ணைப் பன்றி ஒன்றுக்குக்கூட அப்போது நோய் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

காட்டுப்பன்றி எண்ணிக்கையைக் குறைத்தே ஆக வேண்டும் என்பதில் அரசுக்கு முன்பே தெளிவு இருந்தது. 2019-20 வேட்டைப் பருவத்தில் மட்டும் அங்கே சுடப்பட்ட காட்டுப்பன்றிகள் 8 லட்சத்துக்கும் மேல். ஆனால் ஆள் நடமாட்டத்துக்குப் பயந்து அவை பெரும்பாலும் இரவில்தான் மேய வருகின்றன. நிலாவை நம்பி இருந்தால் மாதத்தில் ஏழெட்டு நாள்தான் கிடைக்கும்.

இங்கே ஒரு சுவாரசியமான முரண். இலக்குக் குறி உள்ளேயே இருக்கும் முழுமையான நைட் விஷன் ஸ்கோப்புக்கு அந்தச் சட்டம் வழிவிடவில்லை. சாதாரணப் பகல் ஸ்கோப்பின் முன்னாலோ பின்னாலோ மாட்டும் துணைக் கருவிக்குத்தான் விலக்கு. ஆக, ஜெர்மனியில் கிளிப்-ஆன் இவ்வளவு பரவியதற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணமில்லை. சட்டத்தில் திறந்த கதவு அந்த அளவில்தான் இருந்தது.

டி.வி. ரிமோட்டை வைத்தே புரிந்துகொள்ளலாம்

டி.வி. ரிமோட்டின் முனையை போன் கேமராவுக்கு நேரே காட்டி பட்டனை அமுக்குங்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாது. போன் திரையில் அந்த எல்.இ.டி. வெள்ளையாகவோ ஊதாவாகவோ மினுங்கும். சில போன்களின் பின் கேமராவில் வடிகட்டி இருப்பதால் தெரியாது, செல்ஃபி கேமராவில் பாருங்கள். கிளிப்-ஆன் டிஜிட்டல் நைட் விஷனின் அடிப்படை இதுதான்.

நம் கண் ஏறக்குறைய 700 நானோமீட்டர் அலைநீளம் வரைதான் பார்க்கும். கேமராவில் இருக்கும் சிலிக்கான் சென்சார் 1,000 நானோமீட்டர் அருகே வரை உணரும். நடுவில் இருக்கும் அந்த அகச்சிவப்புப் பகுதியில் ஒரு டார்ச் அடித்தால் சென்சாருக்கு வெளிச்சம், கண்ணுக்கு இருட்டு. பச்சை நிறத்தில் படம் காட்டும் பழைய ராணுவக் கருவிகள் இருக்கும் வெளிச்சத்தைக் குழாய்க்குள் பல மடங்கு பெருக்குபவை. டிஜிட்டல் கருவி அப்படியில்லை. அது ஒரு கேமரா, ஒரு சின்னத் திரை, கூடவே ஒரு கண்ணுக்குத் தெரியாத டார்ச். விலை குறைவாக இருப்பதற்கும் காரணம் அதுதான்.

டார்ச்சில் இரண்டு வகை புழக்கத்தில் உள்ளன. 850 நானோமீட்டர் டார்ச் தூரம் போகும். ஆனால் நேராகப் பார்த்தால் அதன் முகப்பில் மங்கலான சிவப்புப் புள்ளி தெரியும். 940-ல் அந்தப் புள்ளியும் தெரியாது. ஆனால் அங்கே சென்சாரின் உணர்திறன் குறைவு என்பதால் எட்டும் தூரமும் குறையும். துப்பாக்கியிலேயே இலக்கை ஒளியூட்டும் விளக்கைப் பொருத்தலாமா என்பது ஜெர்மனியில் தனி விவகாரம். ஆயுதச் சட்டம் ஒன்று சொல்லும், மாநில வேட்டைச் சட்டங்கள் வெவ்வேறு மாதிரி சொல்லும். கருவி வாங்கியவர்கள் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான்.

முன்னாலா, பின்னாலா?

பின்னால் மாட்டும் வகை எளிமையானது. ஸ்கோப்பின் கண் வைக்கும் முனையில் ஒரு வளையம், அதில் கேமரா. ஸ்கோப் வழியாக நீங்கள் பார்க்க வேண்டிய காட்சியை உங்களுக்குப் பதில் கேமரா பார்க்கிறது. குறுக்குக்கோடும் இலக்கும் ஒன்றாக ஒரே படத்தில் பதிவாகின்றன. கேமரா கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தாலும் இரண்டும் சேர்ந்தே நகரும். அதனால் பகலில் சரிபார்த்து வைத்த குறி இரவில் மாறாது.

சிக்கல் வேறு இடத்தில். கருவியின் நீளம் காரணமாக முகம் பின்னுக்குத் தள்ளப்படும், ரைஃபிளைத் தோளில் பிடிக்கும் பழக்கமே மாறும். சுட்டவுடன் துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது கருவி புருவத்தில் இடிக்கவும் வாய்ப்பு உண்டு. ஸ்கோப் லென்ஸ்களின் பூச்சு கண்ணுக்குத் தெரியும் ஒளிக்காகச் செய்யப்பட்டது என்பதால் அகச்சிவப்பில் ஒரு பகுதி வழியிலேயே வீணாகும். ஃபோகஸையும் இரவுக்குத் தனியாகத் திருப்ப வேண்டும்.

முன்னால் மாட்டும் வகையில் கதை தலைகீழ். கேமரா படம் எடுத்து உள்ளே இருக்கும் சின்னத் திரையில் காட்டுகிறது. அந்தத் திரையைத்தான் ஸ்கோப் பார்க்கிறது. கண் வைக்கும் இடம் மாறாது, தோள் பிடிப்பும் மாறாது. ஆனால் குறுக்குக்கோடு இப்போது நிஜ இலக்கின் மேல் இல்லை, இலக்கின் படத்தின் மேல் இருக்கிறது. அந்தப் படம் பத்தில் ஒரு டிகிரி தள்ளி உட்கார்ந்தாலே 100 மீட்டர் தூரத்தில் சுமார் 17 செ.மீ. விலகல். பன்றியின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியே ஏறத்தாழ ஒரு சாண்தான்.

அதனால் முன்னால் மாட்டும் கருவியை வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை காட்டுக்குப் போவதல்ல, சுடுதளத்துக்குப் போவது. கருவி இல்லாமல் காகித இலக்கில் சில குண்டுகள், மாட்டிக்கொண்டு சில குண்டுகள், கழற்றி மறுபடி மாட்டி இன்னும் சில. மூன்றாவது சுற்றுதான் முக்கியம். வளையம் தளர்ந்திருந்தால் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். பல கருவிகளில் திரைப் படத்தை மெனு வழியாகவே நகர்த்தித் திருத்தலாம். உருப்பெருக்கத்தைக் கூட்டி வைப்பதும் இங்கே வீண். ஸ்கோப் 12 மடங்கு பெரிதாக்கினால் 12 மடங்கு பெரிதாகத் தெரிவது திரையின் புள்ளிகள்தான். 3 முதல் 6 மடங்குக்குள் வைத்தால் படம் தெளிவாக இருக்கும்.

விளம்பர வீடியோவில் வராத இரவுகள்

யூடியூபில் பார்க்கும் நைட் விஷன் வீடியோக்கள் எல்லாம் பளிச்சென்று இருக்கும். மூடுபனி இரவை யாரும் அப்லோட் செய்வதில்லை. காற்றில் இருக்கும் நீர்த்துளிகள் டார்ச் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க, திரை முழுக்க வெள்ளை. பனியில் ஹை பீம் போட்டு கார் ஓட்டியவர்களுக்கு இது புரியும். பரணுக்கு முன்னால் ஒரே ஒரு கிளை நீட்டிக்கொண்டிருந்தாலும் அதே கதிதான். கிளை பிரகாசமாகத் தெரிய, அதற்குப் பின்னால் இருக்கும் வயல் கறுத்துப்போகும்.

ஓடும் இலக்குக்கு இது ஏற்றதே அல்ல. இருட்டில் சென்சார் ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் ஒளி சேர்க்கும். வினாடிக்கு 25 படம் என்று வைத்தால், ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே 0.04 வினாடி. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் ஓடும் பன்றி அதற்குள் 40 செ.மீ. நகர்ந்துவிடும். திரையில் தெரியும் இடத்தில் அது இப்போது இல்லை.

இன்னொரு தொல்லை கண்ணுக்கு. திரையை உற்றுப் பார்த்த கண், இருட்டுக்குப் பழகிய தன்மையை இழந்துவிடும். முழுதாகத் திரும்ப 20, 30 நிமிடம் ஆகும். அந்தக் கண்ணோடு பரணின் ஏணியில் இறங்குவது ஆபத்தான வேலை.

தெரிவது வேறு, அடையாளம் காண்பது வேறு

உண்மையான சிக்கல் இங்கேதான். ஜெர்மனியின் கூட்டாட்சி வேட்டைச் சட்டப்படி, சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு மான் வகைகளைச் சுடக் கூடாது. காட்டுப்பன்றிக்கு மட்டும் விதிவிலக்கு. அதே வயலில் இரண்டும் மேயும். அதோடு, குட்டிகளை வளர்க்கும் தாய் விலங்கைச் சுடுவது குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்க இடமுண்டு. கோதுமைக் கதிருக்கு மேலே தாயின் முதுகு மட்டும் தெரியும், கோடு போட்ட குட்டிகள் கீழே மறைந்திருக்கும். கேமரா கதிரைத் தாண்டிப் பார்க்காது.

கண் மினுங்குவதை வைத்துச் சொல்லிவிடலாமே என்று தோன்றலாம். மான், நரி, நாய், பூனை, ஆடு ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. டார்ச் பட்டதும் அவற்றின் கண்கள் விளக்குபோல எரியும். பன்றிக்கு அந்தப் படலம் இல்லை. மனிதர்களுக்கும் இல்லை. ‘கண் பளபளக்கவில்லை, அப்போ பன்றிதான்’ என்று முடிவு செய்பவர் எவ்வளவு பெரிய தவறின் விளிம்பில் நிற்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். 2020 டிசம்பரில் தென்மேற்கு பிரான்ஸில் தன் வீட்டருகே விறகு வெட்டிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரைக் காட்டுப்பன்றி என நினைத்து ஒரு வேட்டைக்காரர் சுட்டுக் கொன்றார். நைட் விஷனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருட்டிய பிறகு, கறுப்பு-வெள்ளைத் திரையில், ஆழமே தெரியாத படத்தை வைத்து முடிவெடுக்கும்போது நிதானம் எவ்வளவு கூடுதலாக வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆழம் தெரியாது என்பது சும்மா ஒரு குறையல்ல. குண்டு இலக்கைத் துளைத்துக்கொண்டு போனாலோ தவறினாலோ எங்கே நிற்கும் என்பதைச் சுடுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பெரிய ரைஃபிளின் குண்டு சில கிலோமீட்டர் போகக்கூடியது. டார்ச் வெளிச்சம் எட்டுவதோ சில நூறு மீட்டர். இலக்குக்குப் பின்னால் திரையில் கறுப்பாகத் தெரிவது மண்மேடா, திறந்த வெளியா, அடுத்த ஊரின் சாலையா என்று கருவி சொல்லாது. பரண் உயரமாகக் கட்டப்படுவதற்கு ஒரு காரணமும் இதுவே: மேலிருந்து கீழே சுட்டால் குண்டு தரைக்குள் போகும். அனுபவசாலிகள் பகலிலேயே வந்து எந்தத் திசையில் சுடலாம், எங்கே கூடவே கூடாது என்று பார்த்து வைத்துவிடுகிறார்கள்.

தெர்மல் கேமரா இருந்தால் இதெல்லாம் தீருமா? பாதி தீரும். உடல் வெப்பத்தைப் பார்ப்பதால், எங்கே விலங்கு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் முகம், காது, குட்டியின் கோடு போன்ற நுணுக்கங்களில் டிஜிட்டல் படமே பெரும்பாலும் தெளிவு. அதனால் பலர் கையில் தெர்மல், ஸ்கோப்பில் டிஜிட்டல் என்று இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தெர்மலை ஸ்கோப்பின் பின்னால் மாட்டவும் முடியாது. அந்த நீண்ட அலைகளுக்குக் கண்ணாடி லென்ஸ் ஒரு சுவர் மாதிரி.

இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே குற்றம். பயிரை நாசம் செய்யும் விலங்கானாலும் அரசு அனுமதி இல்லாமல் சுட முடியாது.

ஐரோப்பாவிலும் இந்தக் கருவியை எல்லா இடத்திலும் பயன்படுத்திவிட முடியாது. நோய் கண்ட இடத்தின் மையப் பகுதியில் முதலில் வேட்டையை நிறுத்திவிடுவார்கள். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து கூட்டம் சிதறினால் வைரஸும் கூடவே ஓடும். வேலி போடுவது, செத்த பன்றிகளைத் தேடி எடுத்து அப்புறப்படுத்துவது ஆகியவைதான் அங்கே முதல் வேலை. பெல்ஜியம் 2020 இறுதியில் நோயிலிருந்து விடுபட்டதில் அந்த வேலிகளுக்குப் பெரிய பங்குண்டு. இரவுத் துப்பாக்கிகள் களமிறங்குவது அதற்கு வெளியே, இன்னும் நோய் எட்டாத வளையத்தில்.