மலைக்குள் வாழ்ந்த ஓவியங்கள்

பொருட்காட்சிசாலைகளில் யந்திரம் வைத்துக் காற்றைப் பதப்படுத்துவது காண வருவோரின் சுகத்துக்காகவா, பழம்பொருள்களின் க்ஷேமத்துக்காகவா என்று வாசக அன்பர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். ஐப்பசி மழையில் உப்பி நிலையோடு இறுகிக்கொள்ளும் எங்கள் பூஜையறைக் கதவு, பங்குனி வெயிலில் சுருங்கி, விரல் நுழைய இடம் விடுவதைச் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்த எனக்கு, இதற்கு விடை சொல்லும் ஆவல் நெடுநாளாகவே உண்டு.

மரப்பலகைமேல் தீட்டிய ஓவியமும் அந்தக் கதவின் இனந்தான். காற்றின் ஈரம் ஏறி இறங்குந்தோறும் பலகை விரிந்து சுருங்க, அதன்மேல் படிந்த வர்ணமோ உடன் நெளிய மாட்டாமல் கொப்புளித்து உதிர்கிறது.

1838-இல் திறந்த மாளிகையில் இருக்கும் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில், குளிருக்காக அறைகளைச் சூடாக்கக் காற்று வறண்டு, பலகை ஓவியங்களுக்குச் சிகிச்சை செய்வது ஓயாத வேலையாக இருந்தது. யுத்தத்தில் குண்டுவீச்சுக்கு அஞ்சி, 1941-இல் ஓவியங்களை வேல்ஸிலுள்ள மானட் மலையின் பலகைக்கல் சுரங்கத்துக்குள் கொண்டுபோய், அங்கே செங்கல் அறைகள் கட்டி, வெப்பம் 63 டிகிரி பாரன்ஹீட், ஈரப்பதம் 42 சதவிகிதம் என்று இரவும் பகலும் மாறாமல் காத்தார்கள். நான் எண்ணி எண்ணி வியக்கும் விஷயம் இதுதான்: சூரியனே காணாத அந்தக் குகையில் வர்ணம் உதிர்வது அநேகமாக நின்றுவிட்டது, 1945-இல் மாளிகைக்குத் திரும்பியதும் பழைய நோய் மறுபடி தலைகாட்டியது. யுத்தத்துக்குப் பின் அக்கூடத்தில் காற்றுப்பதன யந்திரங்கள் அமைவதற்கு அந்த அனுபவமே தூண்டுகோலாயிற்று.

ஆகவே பழம்பொருள் வேண்டுவது குளிர்ச்சியை அன்று; மாறாத நிலையை. இதிலும் ஒரு தர்மசங்கடம் உண்டு. குளிர்நாட்டுப் பழைய மாளிகையில் ஓவியத்துக்காக ஈரத்தைக் கூட்டினால், அது குளிர்ந்த சுவரில் நீராய்ப் படிந்து கட்டடத்தையே அரிக்கும். ஆதலால் பொருளையும் சுவரையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தே யந்திரத்தின் அளவை நிர்ணயிக்க வேண்டும்.

பழைய அரண்மனையொன்றிலுள்ள காட்சிசாலையில், வருவோர் இருக்கும்வரை குளிரூட்டி, கதவடைத்ததும் சிக்கனம் கருதி யந்திரத்தை நிறுத்திவிடுவதைக் கண்டு மனம் வருந்தினேன். வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் கதவு பட்ட பாட்டை அங்குள்ள பொருள்கள் தினந்தோறும் படுகின்றன. கதவு இறுகினால் தச்சர் வந்து இழைத்துக் கொடுப்பார். உதிர்ந்த வர்ணத்தைத் திரும்ப வைக்க, தீட்டிய கை வரப்போவதில்லை. யந்திரம் வாங்கப் பொருள் ஒதுக்குவோர், ஆளில்லாத இரவிலும் அது ஓடுவதற்குச் சேர்த்தே ஒதுக்குவார்களாக.