பத்து சென்டிமீட்டர் நாடாவின் கணக்கு

தரவு சேமிக்கும் எல்டிஓ-9 கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது 1,035 மீட்டர் காந்த நாடா. அகலம் 12.65 மி.மீ., கனம் 5 மைக்ரானுக்குச் சற்று மேல். கொள்ளளவு, தரவைச் சுருக்காமல், 18 டெராபைட். டிரைவில் சிக்கி இதில் 10 செ.மீ. கசங்கிப்போனால் நஷ்டம் எவ்வளவு?

நீளத்தைக் கொண்டு வகுத்தால் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான், சுமார் 1.74 ஜிபி. ஒரு சினிமா அளவு என்று தள்ளிவிடலாம். ஆனால் அது ஒரே இடத்தில் போவதில்லை, அங்கேதான் வில்லங்கம். நாடாவில் 32 தடங்களாக மறுமுனை வரை எழுதி, திரும்பி வந்து, மறுபடி போய், மொத்தம் 280 ஓட்டம், தடங்கள் 8,960. கசங்கிய இடம் 280 ஓட்டத்திலும் குறுக்கே வரும். ஓட்டத்துக்கு 64 ஜிபி, அதில் 6.2 எம்பி ஓட்டை. இது குறைந்தபட்சக் கணக்கு. மில்லிமீட்டர் கீறலைப் பிழைதிருத்தக் குறியீடே சரிக்கட்டிவிடும், 10 செ.மீ. அதன் சக்திக்கு மீறியது, அக்கம்பக்கத்தையும் சேர்த்து விழுங்கும்.

நாடா முழுக்க 5 எம்பி புகைப்படங்கள் என்றால் 36 லட்சம் படங்களில் போவது அறுநூற்றுச் சொச்சம். அதே நாடாவில் 500 ஜிபி டேட்டாபேஸ் ஒரே கோப்பாக இருந்தால் அதில் ஏழெட்டு ஓட்டை. சுருக்கி, குறியாக்கத்தால் பூட்டி எழுதிய கோப்பாயின் முதல் ஓட்டையோடு மீதியும் கைவிட்டுப் போகலாம். எவ்வளவு போயிற்று என்று கேட்பவர்கள், எது போயிற்று என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

நேரச் செலவு: நல்ல நாடாவை நொடிக்கு 400 எம்பி வேகத்தில் படிக்க 12.5 மணி நேரம். கசங்கியதில் டிரைவ் நின்று, பின்வாங்கி, மறுபடி முயலும். அந்த நேரத்துக்குக் கணக்கில்லை. இடச் செலவு: மூலப் பிரதிக்கு 18 டிபி டிஸ்க், மீட்டெடுத்த கோப்புகளுக்கு இன்னொரு 18.

பழைய நாடாவானால் பெருஞ்செலவு படிக்கும் எந்திரத்துக்கே. 1966-67இல் நாசாவின் ஐந்து லூனார் ஆர்பிட்டர்கள் எடுத்த நிலாப் படங்கள் சுமார் 1,500 நாடாக்களில் இருந்தன. அவற்றைப் படிக்கும் ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 டிரைவ்கள் நான்கை ஆவணக் காப்பாளர் நான்சி எவான்ஸ் குப்பைக்குப் போகாமல் காத்துவைத்திருந்தார். ஒரு மீட்புக் குழுவினர் அவற்றைப் பழுதுபார்த்து, நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மைய வளாகத்தில் மூடிக்கிடந்த மெக்டொனால்ட்ஸ் கடையில் நிறுத்தி, 2008 நவம்பரில் முதல் படத்தை வெளியிட்டார்கள். நாசா கொடுத்த தொடக்க நிதி 2,50,000 டாலர்.

எல்டிஓ-9 டிரைவ் படிப்பது 8, 9 தலைமுறை நாடாக்களை மட்டும். எல்டிஓ-10 டிரைவிலோ 9-ஐப் படிக்க முடியாது. நாடாவை முப்பது ஆண்டு வைக்கலாம் என்கிறார்கள். பட்ஜெட்டில் டிரைவுக்கும் ஒரு வரி எழுதிவையுங்கள்.