மங்காத திரை – 14: நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்

சென்ற வாரம் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யைப் பார்த்தோம். 1950களின் அமெரிக்கத் தெரு, முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு இளைஞர் கூட்டங்கள், நடுவே ஒரு காதல், முடிவில் துப்பாக்கிச் சத்தம். அதே 1950களில் நடக்கும் இன்னொரு கதையிலும் தோல் ஜாக்கெட்டும் எண்ணெய் தடவி வாரிய தலையுமாகப் பையன்கள் கூட்டமாய்த் திரிகிறார்கள். ஆனால் அது சிரிப்பும் ஆட்டமுமாக முடிகிறது. 1978 ஜூனில் வெளியான ‘கிரீஸ்’தான் அந்தப் படம்.

சுமார் 60 லட்சம் டாலரில் எடுத்த இந்தப் படம் உலகம் முழுவதும் 30 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். 2020இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், காலத்துக்கும் பாதுகாக்க வேண்டிய படங்களின் தேசியப் பதிவேட்டில் இதைச் சேர்த்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு படம் மக்கள் மனதில் நிற்கிறதென்றால், அதில் பொழுதுபோக்கைத் தாண்டிய ஒன்று இருந்தாக வேண்டும்.

கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஆஸ்திரேலியாவிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்த சாண்டியும் அமெரிக்கப் பையன் டேனியும் கடற்கரையில் பழகி, இனிச் சந்திக்க வாய்ப்பில்லை என்று பிரிகிறார்கள். சாண்டியின் குடும்பம் அமெரிக்காவிலேயே தங்கிவிட, டேனி படிக்கும் ரைடெல் பள்ளியிலேயே அவளும் வந்து சேர்கிறாள்.

இனி என்ன தடை? நம் படங்களானால் அப்பா வருவார், சாதி வரும், பணம் வரும். இங்கே பெற்றோர் கதைக்குள் வருவதே இல்லை எனலாம். காதலைப் பிரித்தே தீருவேன் என்று கிளம்பும் வில்லனும் கிடையாது. இருவருக்கும் நடுவே நிற்பது ஒன்றே ஒன்றுதான்: கூட இருக்கும் நண்பர்கள் என்ன நினைப்பார்கள் என்ற பயம். அந்த வயதில் இதைவிட உயரமான சுவர் கிடையாது. ‘கிரீஸ்’ பழசாகாமல் இருப்பதற்கு நான் கண்ட காரணம் இதுவே. பள்ளிக்கூடம் என்று ஒன்று இருக்கும்வரை இந்தப் பயமும் இருக்கும்.

பள்ளி மைதானத்தில் தீ மூட்டிக் கொண்டாடும் இரவுக் காட்சியைப் பாருங்கள். ரிஸ்ஸோ என்ற பெண் சாண்டியைக் கூட்டி வந்து டேனியின் எதிரே நிறுத்துகிறாள். அவளைக் கண்டதும் டேனியின் முகம் சின்னக் குழந்தை முகமாக மலர்கிறது. அடுத்த கணம், பக்கத்தில் நண்பர்கள் நிற்பது நினைவுக்கு வருகிறது. தோள் விறைக்கிறது, குரல் மாறுகிறது, முன்பின் தெரியாதவளிடம் பேசுவதுபோல் பேசுகிறான். சில நொடிகளுக்குள் ஜான் டிரவோல்டா இரண்டு ஆட்களாக மாறிக் காட்டுகிறார். சாண்டி அழுதுகொண்டே ஓடுகிறாள். அந்தப் பையனை வெறுக்க நமக்கு மனம் வருவதில்லை. நாமும் அந்த வயதில் ஏதோ ஒரு பாசத்தைக் கூட்டத்துக்கு முன்னால் மறைத்தவர்கள்தானே.

‘சம்மர் நைட்ஸ்’ பாடல் முழுவதும் இதே விஷயம்தான். மைதானப் படிக்கட்டுகளில் பையன்களுக்கு நடுவே டேனி, மதிய உணவு மேசையில் பெண்களுக்கு நடுவே சாண்டி. இருவரும் சொல்வது ஒரே விடுமுறையைப் பற்றி. அவள் சொல்வதில் மென்மை நிறைந்திருக்கிறது, அவன் சொல்வதில் பீற்றல். பாட்டின் முடிவில் ஆரவாரம் அடங்கி, இரண்டு குரல்களும் தனியாக ஒன்று சேரும்போது அவனிடமும் அதே மென்மை இருப்பது தெரிந்துவிடுகிறது. வசனம் எழுதிப் புரியவைக்க வேண்டியதைக் குரலும் படத்தொகுப்பும் சொல்லிவிடுகின்றன.

ரிஸ்ஸோவின் கதையில் இந்தப் பயத்தின் கொடூரமான பக்கம் தெரிகிறது. தான் கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகத்தைத் திறந்தவெளித் திரையரங்கில் ஒரு தோழியிடம் சொல்கிறாள். படம் பார்த்துக்கொண்டிருக்கும் கார்களில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அந்தச் செய்தி கணத்தில் பரவிவிடுகிறது. பிறகு அவளிடம் வந்து, ஏதாவது உதவட்டுமா என்று கேட்பவள் சாண்டி. ரிஸ்ஸோ ஒரு காலத்தில் கேலி செய்து பாடிய அதே சாண்டி. அந்த உதவியை மறுத்துவிட்டு ரிஸ்ஸோ தனியே பாடும் பாட்டில் ஆட்டமில்லை, ஆரவாரமில்லை. ஊர் என்ன பேசினாலும் தன் மானம் தன்னுடையது என்று நிற்கும் பெண்ணின் முகம் மட்டும் இருக்கிறது. ஸ்டாக்கர்ட் சானிங் அதைப் பாடும்போது இது விளையாட்டுப் படம் என்பது மறந்துபோகிறது.

இந்த உண்மை எங்கிருந்து வந்தது? சிகாகோவிலிருந்து. ஜிம் ஜேக்கப்ஸ், வாரன் கேசி என்ற இருவர் எழுதி, 1971இல் அந்நகரின் ஒரு சிறிய அரங்கில் மேடையேறிய நாடகம் இது. ஜேக்கப்ஸ் தாம் படித்த பள்ளியையும் அங்கிருந்த உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளையும் மனதில் வைத்து எழுதினார். மேடையில் அது இன்னும் கரடுமுரடாக இருந்தது. 1972இல் நியூயார்க் பிராட்வேக்குப் போய், 1980 வரை 3,388 முறை நடந்தது. டிரவோல்டாவே அந்த நாடகத்தின் சுற்றுப்பயணக் குழுவில் ஒரு சின்ன வேடத்தில் நடித்தவர். ராண்டல் கிளைசர் இயக்கத்தில் படமானபோது கதை கலிஃபோர்னியாவின் வெயிலுக்கு இடம்பெயர்ந்து பளபளப்பானது. அடியில் கிடந்த சிகாகோப் பள்ளி மட்டும் அழியவில்லை.

நடித்தவர்கள் யாரும் பள்ளி வயதில் இல்லை. 1977 கோடையில் படப்பிடிப்பு நடந்தபோது சானிங்குக்கு 33 வயது. சாண்டியாக நடித்த ஒலிவியா நியூட்டன் ஜானுக்கு 28. பள்ளி மாணவியாக நடிக்கத் தமக்கு வயது கூடிவிட்டதே என்று தயங்கிய அவர், முதலில் சோதனைப் படப்பிடிப்பு நடத்திப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். இது குறை என்று பலரும் சொல்வார்கள். எனக்கு இது பலமாகத் தெரிகிறது. பதினேழு வயதில் இருப்பவருக்கு அந்த வயதின் வேடிக்கை தெரியாது. அதைக் கடந்து வந்தவர்களே அந்த அசட்டுத் துணிச்சலை இத்தனை பிரியத்தோடு நடித்துக் காட்ட முடியும்.

இசையும் இப்படி இரண்டு காலங்களில் கால் வைத்திருக்கிறது. நாடகத்தின் பாடல்கள் 1950களின் ராக் அண்ட் ரோல் மெட்டுகள். படத்துக்காகச் சேர்த்தவை 1978இன் பாடல்கள். தலைப்புப் பாடலை பீ ஜீஸ் குழுவின் பேரி கிப் எழுத, ஃபிரான்கி வாலி பாடினார். ஜான் ஃபாரர் எழுதிய ‘யூ ஆர் தி ஒன் தட் ஐ வான்ட்’ பிரிட்டனில் ஒன்பது வாரமும், ‘சம்மர் நைட்ஸ்’ ஏழு வாரமும் முதலிடத்தில் நின்றன. ஐம்பதுகளின் நிஜமான இளைஞர் நாயகன் ஃபிரான்கி அவலான் தேவதூதனாக வந்து, படிப்பை விட்ட பெண்ணைப் பள்ளிக்குத் திரும்பச் சொல்கிறார். பெற்றோர் தங்கள் காலத்தையும் பிள்ளைகள் தங்கள் காலத்தையும் ஒரே அரங்கில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

கடைசிக் காட்சி பற்றிய குற்றச்சாட்டைத் தாண்டிப் போக முடியாது. அடக்கமான சாண்டி கறுப்பு உடையும் சிகரெட்டுமாக வந்து நிற்கிறாள். காதலனுக்காகப் பெண் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டுமா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. டேனியும் மாறித்தான் வருகிறான், ஓட்டப் பந்தயத்தில் உழைத்துப் பெற்ற பள்ளி விளையாட்டு வீரருக்கான ஸ்வெட்டரோடு. ஆனால் சாண்டியைக் கண்டதும் அதைக் கழற்றிவிடுகிறான். மாற்றத்தின் பாரம் இருவருக்கும் சமமாக இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

என்றாலும் அதற்கு முந்தைய சில நொடிகளை யாரும் கவனிப்பதில்லை. ஸ்வெட்டரைக் கண்டு அதிர்ந்துபோன நண்பர்களிடம் டேனி சொல்கிறான்: நீங்கள் எனக்கு முக்கியம், சாண்டியும் முக்கியம், அவளுக்காக என்னால் ஆனதைச் செய்வேன். மைதானத் தீயின் முன் வாய் வராத பையன் அதே நண்பர்களின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்கிறான். படம் அங்கேயே முடிந்துவிட்டது. மற்றதெல்லாம் கொண்டாட்டம்.

கடைசிக் காட்சியில் ஒலிவியா அணிந்த அந்தக் கறுப்புத் தோல் ஜாக்கெட் 2019இல் ஏலத்துக்கு வந்தது. 2,43,200 டாலர் கொடுத்து வாங்கியவர் அதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். 2022 ஆகஸ்ட்டில் ஒலிவியா மறைந்தார்.

உங்கள் வீட்டில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை இருந்தால், சேர்ந்து உட்கார்ந்து இந்தப் படத்தைப் பாருங்கள். அவர்கள் நம்மிடம் காட்டும் விறைப்பில் பாதி நம்மை நோக்கியது அல்ல, அவர்களுடைய கூட்டத்தை நோக்கியது என்பது புரியும். அதைப் புரிந்துகொண்டு கொஞ்சம் பொறுமையாக இருந்தால் போதும். அவர்களும் ஒருநாள் டேனியைப் போல நண்பர்களை நேராகப் பார்த்து, மனதில் இருப்பதைச் சொல்வார்கள்.

அடுத்த வாரம்: ராஜ் கபூரின் ‘பாபி’

(தொடரும்)