தஞ்சை இழந்த தீவு

தஞ்சை மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி சண்டையிட்டுப் பறித்த முதல் நிலம், கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தில் உப்பங்கழிகளுக்கு நடுவே கிடந்த ஒரு திட்டு. ஊர்ப்பெயர் தீவுக்கோட்டை, ஆங்கிலேயர் ஏடுகளில் தேவிக்கோட்டை.

திட்டை உண்டாக்கியது காவிரிதான். முக்கொம்பில் பிரியும் கொள்ளிடம் டெல்டாவின் வடிகால். வயலுக்கு மிஞ்சிய வெள்ளம் கல்லணையிலிருந்தும் இதில்தான் விழும். அது சுமந்து வரும் வண்டல் முகத்துவாரத்தில் படியப் படிய ஆறு கிளை பிரியும், நடுவே திட்டு எழும். வடக்கே பிச்சாவரம் பக்கம் சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் மண்டிய அலையாத்திக் காடு.

நீரும் காடும் சேர்ந்த அந்த அரணை நம்பித்தான் செஞ்சி நாயக்கருக்கு அடங்கிய சோழகன் என்ற குறுநிலத் தலைவன் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே கோலோச்சினான். தஞ்சை இரகுநாத நாயக்கர் அவனை வென்றதை இராமபத்ராம்பா ‘இரகுநாதாப்யுதயம்’ என்ற சமஸ்கிருதக் காவியத்தில் பாடியிருக்கிறார்.

பின்னர் மராட்டியர் கைக்கு மாறிய தஞ்சையில் அரியணை இழந்த மன்னர் சாயாஜி, 1749இல் கம்பெனியின் உதவியை நாடினார். கம்பெனிக்கோ துறைமுகத்தின் மேல் கண். சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல் ஒதுங்க இடமில்லை. மணலை அகற்றினால் இந்த முகத்துவாரம் உதவும் என்று கணக்குப் போட்டார்கள். ஏப்ரலில் தரைவழி வந்த கேப்டன் கோப், புயலில் அடிபட்டு வெறுங்கையோடு திரும்பினார். பிறகு மேஜர் லாரன்ஸ் கடல்வழி வந்தார். ஜான் மூர் என்ற கப்பல் தச்சர் 400 பேர் ஏறும் தெப்பம் செய்து, இரவில் நீந்திப்போய் அக்கரை மரத்தில் வடம் கட்டினார். கோட்டைச் சுவரை நோக்கி முதலில் பாய்ந்தவர் ராபர்ட் கிளைவ். உடன் சென்ற 34 வெள்ளையரில் பெரும்பாலோரைத் தஞ்சைக் குதிரைப்படை வெட்டிச் சாய்த்தது, கிளைவ் தப்பினார்.

கோட்டை விழுந்தது. அப்போது தஞ்சையை ஆண்ட மன்னர் பிரதாப சிங் தீவுக்கோட்டையோடு ஆண்டுக்கு 9,000 வராகன் வருவாயுள்ள நிலத்தையும் விட்டுக்கொடுத்தார். சாயாஜியின் அரியணைப் பேச்சை அத்தோடு கம்பெனி கைவிட்டது. 1758இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன கோட்டை, 1760இல் மீண்டும் ஆங்கிலேயரிடம் வந்தது.

துறைமுகம் மட்டும் வரவேயில்லை. வெள்ளம் வெட்டிய வழியைக் கடல் மணலிட்டு மூடிவிடும். இன்று ஆற்றில் நன்னீர் குறையும் காலங்களில் கொள்ளிடம் வழியே உப்புநீர் உள்ளே ஏறுகிறது. கடைமடை நிலத்தடி நீரும் கரிக்கிறது. கம்பெனி மணலோடு தோற்ற இடத்தில் நாம் உப்போடு போராடுகிறோம். மேட்டூர்த் தண்ணீருக்குக் கணக்குப் போடும்போது கடலுக்குப் போவதெல்லாம் வீண் என்று எழுதுகிறோம். முகத்துவாரத்தில் உப்பைத் தடுத்து நிறுத்துவது அந்த நீர்தான்.